தூக்கத்தை அளந்த கதை: அந்த முப்பது வினாடி எங்கிருந்து வந்தது?

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. செமஸ்டர், லேப் ரெக்கார்டு, அப்புறம் வீட்டில் ஒரு பிரச்சினை. அந்தப் பிரச்சினையிலிருந்துதான் இந்தக் கட்டுரையே வந்தது. தலைப்பு தூக்கம். "உனக்கு நல்லா தெரிஞ்ச சப்ஜெக்ட்டாச்சே" என்று கடைசி பெஞ்ச் நண்பர்கள் சொல்வது காதில் விழுகிறது :-) கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், நீளமான பதிவு.

எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூர். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது. அப்பா வாடகை வேன் ஓட்டுகிறார். பௌர்ணமி வந்தால் அவருக்கு ராத்திரி கிடையாது. கிரிவலத்துக்கு வருகிறவர்களை ஏற்றுவது, இறக்குவது, விடியற்காலையில் திரும்பக் கொண்டு போய் விடுவது. போன வருஷம் அப்படி ஒரு விடியற்காலையில் வண்டி மெதுவாக இடது பக்கம் ஒதுங்கி, மண்ணில் இறங்கி, ஒரு புளியமரத்தை உரசிக்கொண்டு நின்றது. நல்லவேளையாக வண்டியில் வேறு யாரும் இல்லை. அப்பாவுக்கும் அடி இல்லை, கண்ணாடி மட்டும் போனது.

"தூங்கிட்டியாப்பா?" என்று கேட்டேன்.

"தூங்கவே இல்லடா. கண்ண இமைச்சேன், அவ்ளோதான்."

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தூங்குகிறவர் தன் தூக்கத்துக்குச் சாட்சி சொல்ல முடியாது என்பதுதான் இந்த மொத்த வரலாற்றின் ஆரம்பப் புள்ளி.

அவர் குறட்டையைத் தெருவே அறியும். டாக்டர் ஒரு ஸ்லீப் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். ஒரு ஆஸ்பத்திரியில் தலையிலும் கண்ணோரத்திலும் தாடையிலும் நெஞ்சிலும் ஒயர் ஒட்டிப் படுக்க வைத்தார்கள். மறுநாள் ரிப்போர்ட் வந்தது. என்1 இவ்வளவு சதவீதம், என்2 இவ்வளவு, என்3 வெறும் 4 சதவீதம், ஆர் இவ்வளவு. "ஆழ்ந்த தூக்கம் நாலே சதவீதமா?" என்று அம்மா பயந்துவிட்டார்கள். நைட் ட்யூட்டியில் இருந்த அக்காவிடம் போய், இதை எப்படிக் கணக்குப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் கம்ப்யூட்டர் திரையைக் காட்டினார். கோடுகள், கோடுகள், கோடுகள்.

"தம்பி, ஒரு ஸ்கிரீன்னா முப்பது செகண்ட். ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் ஒரு பேர் வெக்கணும். ராத்திரி முழுக்க கிட்டத்தட்ட ஆயிரம் ஸ்கிரீன்."

"ஏன் அக்கா முப்பது செகண்ட்?"

"அது ரூல்ஸ் தம்பி."

யார் போட்ட ரூல்ஸ்? அதைத் தேடிப் போனதுதான் இந்தப் பதிவு.

சுத்தியலும் தூக்கமும்

தூக்கத்தின் ஆழத்தை அளக்க முதலில் கையில் இருந்த ஒரே வழி, தூங்குகிறவரை எழுப்புவது. 1860களில் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் கோல்ஷூட்டர் என்ற மருத்துவ மாணவர், ஊசல் போல ஆடும் ஒரு சுத்தியலைத் தட்டவிட்டு, எவ்வளவு பலமான சத்தத்துக்கு ஆள் விழிக்கிறார் என்று ராத்திரி முழுக்கக் குறித்தார். தூங்கிய முதல் ஒரு மணி நேரத்துக்குள் தூக்கம் மிக ஆழமாகிறது, பிறகு லேசாகிக்கொண்டே போகிறது என்று ஒரு வளைகோடு கிடைத்தது.

நல்ல ஆராய்ச்சிதான். ஆனால் ஒரு கோளாறு. தூக்கத்தை அளக்கத் தூக்கத்தைக் கலைக்க வேண்டியிருந்தது. சோறு வெந்ததா என்று பார்க்க ஒவ்வொரு தடவையும் பானையைக் கவிழ்ப்பது மாதிரி. கலைக்காமல் பார்க்க, உள்ளே இருந்து தானாக வெளியே வருகிற ஏதாவது ஒரு அடையாளம் வேண்டும்.

ஒரு தந்தியில் தொடங்கிய தேடல்

அந்த அடையாளத்தைத் தந்தவர் ஹான்ஸ் பெர்கர். ஜெர்மனியின் யேனா ஊரில் மனநல மருத்துவர். 1890களில் ராணுவப் பயிற்சியில் இருந்தபோது குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டிச் சக்கரத்தில் சிக்காமல் மயிரிழையில் தப்பினார். அன்று மாலையே வீட்டிலிருந்து தந்தி வந்தது. தம்பிக்கு ஏதோ ஆபத்து என்று அக்கா மனசு அடித்துக்கொண்டதால் நலம் விசாரித்து அனுப்பிய தந்தி. மனசுக்கும் மூளைக்கும் நடுவே ஏதோ ஒரு சக்தி ஓடுகிறது, அதை அளக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் புகுந்துவிட்டது.

விலங்குகளின் மூளையில் மின்சாரம் ஓடுகிறது என்று லிவர்பூலில் ரிச்சர்ட் கேட்டன் 1875லேயே காட்டியிருந்தார். மனிதத் தலையிலிருந்து அதைப் பதிவு செய்தது பெர்கர், 1924ல். அவர் மகன் கிளாஸ் பல சோதனைகளுக்குத் தலை கொடுத்தார். நன்றாகச் சரிபார்த்துவிட்டு 1929ல்தான் கட்டுரை வெளியிட்டார். கண்ணை மூடி அமைதியாக இருந்தால் வினாடிக்குச் சுமார் 10 தடவை ஏறி இறங்கும் அலை. கண்ணைத் திறந்தால் அது காணாமல் போகிறது. அதற்கு ஆல்ஃபா என்று பெயர் வைத்தார். கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மேத்யூஸும் 1934ல் தாங்களே செய்து பார்த்து உறுதி செய்த பிறகுதான் உலகம் நம்பியது.

தந்தி அனுப்பிய மனசுச் சக்தியை பெர்கர் கண்டுபிடிக்கவே இல்லை. தேடிப்போனது ஒன்று, கிடைத்தது வேறொன்று. நாம் இன்று இ.இ.ஜி என்கிறோமே, அதுதான் கிடைத்தது.

பணக்காரர் வீட்டு ஆய்வுக்கூடம்

தூக்கத்துக்கு முதன்முதலில் "நிலை" பிரித்தது ஒரு பல்கலைக்கழகம் இல்லை, ஒரு வால் ஸ்ட்ரீட் கோடீஸ்வரர்! ஆல்ஃபிரட் லூமிஸ். 1929 பங்குச்சந்தை வீழ்ச்சிக்கு முன்பே பணத்தை வெளியே எடுத்துக்கொண்ட புத்திசாலி. நியூயார்க் பக்கத்தில் டக்சிடோ பார்க்கில் தன் மாளிகையிலேயே ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். எட்டு அடி நீளமுள்ள ஒரு உருளையைச் செய்து, அதில் காகிதம் சுற்றி, பேனாக்களால் ராத்திரி முழுக்க மூளை அலையை எழுத வைத்தார். அதற்கு முன் யாரும் இப்படி முழு இரவையும் விடாமல் பார்த்ததில்லை.

1935லிருந்து 1937 வரை லூமிஸ், நியூட்டன் ஹார்வி, கேரட் ஹோபார்ட் மூவரும் பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: தூக்கம் ஒரே சரிவாக இறங்கவில்லை, படிப்படியாக இறங்குகிறது. ஏ, பி, சி, டி, ஈ என்று ஐந்து படி. ஏ என்றால் ஆல்ஃபா விட்டு விட்டு வருகிறது. பி என்றால் ஆல்ஃபா போய் அலை தட்டையாகிறது. சி என்றால் நடுவில் குண்டாகவும் இரு முனையிலும் ஒல்லியாகவும் அலைக்கூட்டம் வருகிறது, நூல் சுற்றிய கதிர் மாதிரி. அதனால் "ஸ்பிண்டில்" என்று பெயர். டி, ஈ என்றால் பெரிய, சோம்பேறித்தனமான அலைகள்.

இந்தப் படிகள் இன்றைக்கும் அப்பாவின் ரிப்போர்ட்டில் வேறு பெயரில் இருக்கின்றன. ஆனால் லூமிஸ் ஒன்றைத் தவறவிட்டார். மூளையைப் பார்த்தவர் கண்ணைப் பார்க்கவில்லை. கண் அசைவுக்கென்று தனியாக ஒரு பதிவு அவரிடம் இல்லை. சீக்கிரமே உலகப் போர் வந்தது, அவர் ரேடார் வேலைக்குப் போய்விட்டார். தூக்கம் அப்படியே நின்றது.

எட்டு வயசுப் பையனின் கண்கள்

அடுத்த காட்சி சிகாகோ. நதானியேல் கிளைட்மன் என்ற பேராசிரியர், தூக்கத்தையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர். 1938ல் ஒரு மாணவரோடு மாமத் குகைக்குள் 32 நாள் தங்கி, 28 மணி நேர நாளுக்கு உடம்பு பழகுமா என்று பார்த்த மனுஷர். அவரிடம் ஆராய்ச்சி மாணவராக வந்தவர் யூஜின் அசெரின்ஸ்கி. பட்டப்படிப்பைக்கூட முடிக்காமல் வந்தவர், கையில் காசில்லை, வீட்டில் மனைவி, குழந்தை. (அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்க. ஆனால் இதை வீட்டில் உதாரணமாகக் காட்டாதீர்கள் :-))

அவருக்குக் கொடுத்த வேலை, தூங்கும் குழந்தைகளின் கண்ணிமையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது. சலித்துப்போய், கட்டடத்தில் யாரும் தொடாமல் கிடந்த ஒரு பழைய பதிவுக் கருவியைத் தூசி தட்டி எடுத்தார். 1951 டிசம்பரில் தன் எட்டு வயசு மகன் ஆர்மண்டின் தலையிலும் கண்ணோரத்திலும் மின்முனைகளை ஒட்டித் தூங்க வைத்தார். நடு ராத்திரியில் பேனாக்கள் திடீரென்று துள்ளின. பையன் முழித்துவிட்டான் என்று நினைத்து அறைக்குள் போனால், நல்ல தூக்கம். மூடிய இமைக்குள் கண் மட்டும் அங்கும் இங்கும் ஓடுகிறது.

கருவி கெட்டுவிட்டது என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். கிளைட்மன் நம்பாமல் தன் மகளையே படுக்க வைத்துப் பார்த்தார். அதேதான். 1953 செப்டம்பரில் "சயின்ஸ்" இதழில் கட்டுரை வந்தது. கண் ஓடும் நேரத்தில் 27 தடவை எழுப்பியதில் 20 தடவை விவரமான கனவு. ஆர்.இ.எம் தூக்கம் என்று நாம் பாடப்புத்தகத்தில் படிப்பது இதுதான்.

அசெரின்ஸ்கி வேறு வேலைக்குப் போய்விட்டார். அங்கே இருந்த வில்லியம் டிமென்ட் என்ற மாணவர் தொடர்ந்தார். 1957ல் டிமென்ட், கிளைட்மன் இருவரும் 33 பேரை 126 இரவு பதிவு செய்து, ஒன்று முதல் நான்கு வரை புது எண் கொடுத்தார்கள். இறங்குவது, ஏறுவது, ஆர்.இ.எம், மறுபடி இறங்குவது என்று சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று. 1959ல் பிரான்சின் லியோனில் மிஷேல் ஜூவே பூனைகளில் இன்னொன்றைப் பார்த்தார். ஆர்.இ.எம் வரும்போது கழுத்துத் தசை முழுசாகத் தளர்ந்துவிடுகிறது. மூளை முழித்த மாதிரி, உடம்பு செத்த மாதிரி. "முரண்தூக்கம்" என்று அவர் பெயர் வைத்ததில் ஆச்சரியமில்லை. அப்பாவின் தாடையில் ஏன் ஒயர் ஒட்டினார்கள் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. இதற்காகத்தான். தலை, கண், தாடை மூன்றும் சேர்ந்தால்தான் ஆர்.இ.எம் பிடிபடும்.

இங்கே ஒரு சின்ன இடைவேளை. சைவ நூல்களில் சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என்று ஐந்து அவத்தை சொல்லியிருக்கிறது. கனவுத் தூக்கம் வேறு, கனவில்லாத் தூக்கம் வேறு என்று நம்மவர்கள் தெளிவாகப் பிரித்திருக்கிறார்கள். அதற்காக "நாங்க அப்பவே கண்டுபிடிச்சுட்டோம்" என்று சொல்ல வரவில்லை. அது தனக்குள் பார்த்துச் சொன்னது, இது வெளியே இருந்து அளந்து சொன்னது. கேள்வி ஒன்றாக இருக்கலாம், பதில் எழுதிய தாள் வேறு.

காகிதத்தின் அகலம்

இப்போது நம்ம கேள்விக்கு வருவோம்.

1960களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தூக்க ஆய்வுக்கூடங்கள் பெருகின. ஆளாளுக்கு ஒரு மாதிரி நிலை பிரித்தார்கள். 1967ல் மன்ரோ என்பவர் ஒரே தூக்கப் பதிவைப் பல ஆய்வுக்கூடங்களுக்குக் கொடுத்து நிலை குறிக்கச் சொன்னார். ஒருவர் குறித்தது மாதிரி இன்னொருவர் குறிக்கவில்லை. ஒரே ராத்திரி, ஒரே மூளை, ஆனால் வேறு வேறு தூக்கம்! ஒரே விடைத்தாளை நாலு பேர் திருத்தினால் நாலு மார்க் வருமே, அந்தக் கதைதான்.

இதைச் சரிசெய்ய ஆலன் ரெக்ட்ஷாஃபன், ஆந்தனி கேல்ஸ் இருவர் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து 1968ல் ஒரு கையேடு வெளியிட்டது. அடுத்த 39 வருஷம் உலகம் முழுக்கத் தூக்கத்துக்கு அதுதான் சட்டப்புத்தகம். விதிகள் ரொம்பக் கறாரானவை. பதிவை எபோக் என்ற சம துண்டுகளாக வெட்டு. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே ஒரு நிலை. துண்டின் பெரும்பகுதி எதுவோ அதுதான் அதன் பெயர். 75 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் உயரமுள்ள மெதுவான அலைகள் ஒரு துண்டில் 20 முதல் 50 சதவீதம் இருந்தால் மூன்றாம் நிலை, 50 சதவீதத்துக்கு மேல் போனால் நான்காம் நிலை.

துண்டின் நீளம் என்ன? 20 அல்லது 30 வினாடி. ஏன்? பேனா ஓடும் காகிதம் வினாடிக்கு 10 மில்லிமீட்டர் நகரும். பதிவுக் காகிதத்தின் ஒரு பக்கம் 30 சென்டிமீட்டர். வகுத்துப் பாருங்கள், 30 வினாடி. வினாடிக்கு 15 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடவிட்டால் 20 வினாடி. அவ்வளவுதான் ரகசியம்! எட்டு மணி நேரத் தூக்கம் என்றால் 960 பக்கம், 288 மீட்டர் காகிதம். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, மூலையில் ஒரு எண் எழுதிக்கொண்டே போக வேண்டும்.

எனக்கு இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. மூளை முப்பது வினாடிக்கு ஒரு முறை நிலை மாறுவதில்லை. காகிதம்தான் முப்பது வினாடிக்கு ஒரு முறை முடிந்தது. இப்போது காகிதமே இல்லை, எல்லாம் கம்ப்யூட்டர். ஆனாலும் அக்காவின் திரையில் இன்னும் அதே முப்பது வினாடி.

குறை சொல்ல மட்டும் இதை எழுதவில்லை. ஏதோ ஒரு அளவு வேண்டுமே. மரக்கால், படி எல்லாம் மனிதன் வைத்துக்கொண்டதுதானே? எல்லோரும் ஒரே படியில் அளந்ததால்தான் சிகாகோ தூக்கத்தையும் பெங்களூர் தூக்கத்தையும் ஒப்பிட முடிந்தது. ஆனால் படிக்குள் அடங்காதது சிந்திவிடும். எது சிந்தியது என்பதுதான் கேள்வி.

சிந்தியது என்ன?

முதலாவது, மூச்சு. 1965ல் மார்சேயில் ஆன்றி கஸ்தோவின் குழுவும், ஜெர்மனியில் யுங், கூலோ இருவரும், தூக்கத்தில் சிலருக்கு மூச்சு திரும்பத் திரும்ப நின்று போவதைப் பதிவு செய்தார்கள். மூச்சு நிற்கும், மூளை சில வினாடி விழித்துத் தொண்டையைத் திறக்கும், மறுபடி தூக்கம். ஆனால் 1968 கையேடு நல்ல ஆரோக்கியமானவர்களின் தூக்கத்தை வைத்து எழுதப்பட்டது. நாலு வினாடி விழிப்பு முப்பது வினாடிப் பக்கத்தில் சிறுபான்மை. பெரும்பான்மை ஜெயித்து "இரண்டாம் நிலைத் தூக்கம்" என்று எண் விழும். ஆள் ராத்திரி முழுக்க நூறு தடவை விழித்திருப்பார், தாளில் நன்றாகத் தூங்கியிருப்பார்! இதைப் பிடிக்க 1992ல் தனி விதி எழுத வேண்டியிருந்தது: மூன்று வினாடி நீடித்தாலே அதை விழிப்புச் சலனமாகத் தனியாக எண்ணு.

இரண்டாவது, வயசு. அந்த 75 மைக்ரோவோல்ட் கோடு இருக்கிறதே, வயசாக ஆக அலையின் உயரம் குறையும். அலை இருந்தும் கோட்டைத் தொடவில்லை என்றால் ஆழ்ந்த தூக்கமாகக் கணக்கில் வராது. அப்பாவுக்கு வயசு ஐம்பத்தெட்டு. அம்மாவைப் பயமுறுத்திய அந்த 4 சதவீதத்தில் எவ்வளவு நோய், எவ்வளவு வயசு, எவ்வளவு கோடு? டாக்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. மூச்சு எத்தனை தடவை நின்றது என்ற வரியைத்தான் விரல் வைத்துக் காட்டினார்.

மூன்றாவது, அந்தப் புளியமரம். ஒரு வினாடியிலிருந்து பதினைந்து வினாடி வரை வந்து போகும் குட்டித் தூக்கம் ஒன்று உண்டு. கண் திறந்தேகூட இருக்கலாம். பழைய கணக்கில் ஒரு பக்கத்தில் பாதிக்கு மேல் தூக்கம் இருந்தால்தான் அது தூக்கம். ஐந்து வினாடி என்றால் அந்தப் பக்கத்தின் பெயர் "விழிப்பு". மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வேன் ஐந்து வினாடியில் 83 மீட்டர் போகும். ஒரு முழு எபோக்கில் அரை கிலோமீட்டர்! ரோட்டில் உயிர் போவதற்குத் தேவையான தூக்கம், தாளில் தூக்கமே இல்லை.

ஆக, "தூங்கவே இல்லடா" என்று அப்பா சொன்னதும் அந்த விதியும் ஒரே பதிலைத்தான் சொல்கின்றன.

நம்ம ஊர்ப் பக்கம்

இந்தக் கதையில் இந்தியா எங்கே? யோகிகள் வழியாக வருகிறது. 1950களில் தாஸ் என்ற இந்தியரும், மேலே மூச்சு விஷயத்தில் சொன்ன அதே கஸ்தோவும், யோகிகளின் மூளை அலையைப் பற்றி எழுதினார்கள். 1961ல் டெல்லி எய்ம்ஸில் ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் மூவரும் சமாதி நிலையில் இருந்த யோகிகளைப் பதிவு செய்தார்கள். வெளிச்சம், பலத்த சத்தம், சூடான கண்ணாடிக் குழாய் எதைக் காட்டியும் ஆல்ஃபா கலையவில்லை. இரண்டு பேர் 4 டிகிரி குளிர்நீரில் கையை முக்கால் மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்தும் அப்படியே. விழிப்புக்கும் தூக்கத்துக்கும் என்று எழுதின பட்டியலில் இதற்கு ஒரு கட்டமே இல்லை.

மறுபக்கமும் உண்டு. 1976ல் "சயின்ஸ்" இதழில் வந்த ஒரு ஆய்வில், அனுபவமுள்ள ஐந்து தியானக்காரர்களைப் பதிவு செய்து பார்த்தால், தியான நேரத்தில் கணிசமான பங்கு சாதாரணத் தூக்கம்! மலையைச் சுற்றியிருக்கும் மண்டபங்களில் கண்மூடி உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கும்போது இனி எனக்கு இந்த ஆராய்ச்சிதான் ஞாபகம் வரும் :-) 2006ல் பெங்களூர் நிம்ஹான்ஸ் குழு, நடுத்தர வயசில் குறைகிற ஆழ்ந்த தூக்கம் தியானம் பழகியவர்களிடம் அவ்வளவாகக் குறையவில்லை என்று எழுதியது. பார்த்தது அதே முப்பது வினாடிப் பக்கங்களை வைத்துத்தான்.

ஆனால் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது நம்ம சென்னை ஆய்வு. 2021ல் வெளிவந்தது. குறைந்த வருமானத்தில் வாழும் 452 பேருக்கு டேட்டா என்ட்ரி வேலை கொடுத்து, கையில் அசைவைப் பதிவு செய்யும் கடிகாரம் கட்டினார்கள். படுக்கையில் இருந்தது 8 மணி நேரம், தூங்கியது சராசரியாக ஐந்தரை மணி நேரம்தான். அவ்வளவு இடைஞ்சல், அவ்வளவு முறிவு. படுக்கை, கண்ணை மறைக்கும் துணி எல்லாம் கொடுத்து, ஊக்கமும் கொடுத்ததில் ராத்திரித் தூக்கம் 27 நிமிஷம் கூடியது. வேலையில் முன்னேற்றம்? ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மத்தியானம் வேலை இடத்தில் ஒரு குட்டித் தூக்கம் போட்டவர்களின் வேலைத்திறனும் மனநிலையும் கூடின.

ஏன் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மணிக்கணக்கைக் கூட்டுவது மட்டும் போதாது, உடைந்த தூக்கத்தை நீட்டினால் நீளமான உடைந்த தூக்கம்தான் கிடைக்கும் என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள். கடிகாரத்துக்கு அசைவு தெரியும், அலை தெரியாது. ஒயர் ஒட்டினால் அலை தெரியும், ஆனால் அந்த வீட்டில், அந்தக் கொசுவோடு, அந்தப் புழுக்கத்தோடு தூங்கிய தூக்கம் கிடைக்காது. ஒவ்வொரு கருவியும் ஒன்றைப் பிடித்து ஒன்றை விடுகிறது.

இப்போது எங்கே நிற்கிறோம்?

2007ல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி புதுக் கையேடு போட்டது. மூன்றும் நான்கும் சேர்ந்து என்3 ஆனது. என்1, என்2, என்3, ஆர், டபிள்யூ என்ற இன்றைய பெயர்கள் வந்தன. நெற்றிப் பக்கமும் பின்மண்டைப் பக்கமும் மின்முனை சேர்ந்தது. முப்பது வினாடி மட்டும் அசையவில்லை. ஐம்பது வருஷப் பதிவுகளோடு ஒப்பிட வேண்டுமே!

விதி எழுதியதால் எல்லோரும் ஒத்துப்போகிறார்களா? 2013ல் வந்த ஒரு பெரிய கணக்குப்படி, 2,500க்கும் மேற்பட்டவர்கள் ஒரே பக்கங்களைக் குறித்ததில் ஒற்றுமை 82.6 சதவீதம். ஆர்.இ.எம் என்றால் 90ஐத் தாண்டுகிறது. என்1 என்றால் 63தான், என்3 என்றால் 67தான். மன்ரோ காலத்தைவிட எவ்வளவோ மேல். ஆனால் ரிப்போர்ட்டில் "4 சதவீதம்" என்று அச்சடித்து வந்ததைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று இப்போது எனக்குத் தெரியும். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்கும் வேலையும் நடக்கிறது. 2021ல் கோபன்ஹேகனிலிருந்து வந்த யூ-ஸ்லீப் என்ற மென்பொருளுக்கு 15,000க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளைக் காட்டிப் பழக்கினார்கள். அது முப்பது வினாடிக்கும் குறைவான துண்டுகளுக்கும் நிலை சொல்லும். காகிதம் போட்ட வேலியை ஒருவழியாகத் தாண்டுகிறோம். ஆனால் அதற்குப் பாடம் எடுத்த விடைத்தாள், மனிதர்கள் முப்பது வினாடிக்கு ஒரு எண் போட்டு வைத்ததுதான். வாத்தியாரின் பழக்கம் மாணவனுக்கு வராமல் போகுமா?

முடிக்கும் முன் ஒரு தகவல். ஆர்.இ.எம் கண்டுபிடித்த அசெரின்ஸ்கி 1998 ஜூலையில் கலிஃபோர்னியாவில் கார் விபத்தில் இறந்தார். கார் ஒரு மரத்தில் மோதியது. உறுதியான காரணம் தெரியவில்லை. ஓட்டும்போது தூங்கிப்போயிருக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். தூக்கத்தைப் பற்றி உலகத்துக்கே சொன்னவர். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்பா இப்போது மூக்கில் காற்றடிக்கும் அந்த மெஷினைப் போட்டுக்கொண்டுதான் படுக்கிறார். முதல் வாரம் "யானைக்கு தும்பிக்கை வெச்ச மாதிரி இருக்கு" என்று திட்டினார். இப்போது குறட்டை இல்லாததால் அம்மாவுக்குத்தான் பழக்கமில்லாமல் விழிப்பு வருகிறது. பௌர்ணமி ராத்திரி சவாரிக்கு வேறு டிரைவரை அனுப்புகிறார். மத்தியானம் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி இருபது நிமிஷம் கண்ணயர்கிறார். சென்னை ஆய்வைப் பற்றி நான் சொன்னதற்கு, "இதுக்கு ஆராய்ச்சி வேறயா?" என்றார்.

ஆனால் புளியமரத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் இன்றைக்கும் அதே பதில்தான். "தூங்கவே இல்லடா."

நான் இப்போதெல்லாம் வாதாடுவதில்லை. அவரோடு அந்தப் பழைய கையேடும் நிற்கிறதே.

உங்கள் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டே ராத்திரி வண்டி ஓட்டுகிறவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து ஒரு தடவை டாக்டரிடம் காட்டுங்கள். "நல்லாத்தான் தூங்குறேன்" என்று அவர்கள் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். கட்டுரையில் தப்பு இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். அடுத்த பதிவில் சந்திப்போம்.